காலிப் பாட்டிலைப் பார்க்கப் போன அப்பா

எழுத்து கோணலாக இருந்தால் கோவிச்சுக்காதீங்க. நான் அஞ்சாவதோடு நின்றவள். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடவும், மளிகைச் சாமான் குறிக்கவும்தான். நம் கோயில் பெண்கள் கூட்டத்தில், சின்ன வயசில் நடந்ததை ஆளுக்கொன்று எழுதிக் குடுங்கள் என்று சொன்னபோது நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டிவிட்டேன். நாலு பேர் முன்னால் எழுந்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். ஊட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. பாதி மறந்துபோச்சு. மறக்காமல் இருக்கிற ஒன்றும், ஒன்றுமில்லாததைப் பற்றியதாகவே இருக்கிறது. அதையே எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் நீங்களே சரிபண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்கு மேலே மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். பேர் வேண்டாம், உங்களில் பாதிப் பேர் அங்கே கூடை கட்டிப் பழம் பறித்தவர்கள்தான். வேலையாள்களுக்கு வரிசையாகக் கட்டின கீழ் லயனில் கடைசி ஊடு எங்களுடையது. ஒரு ரூம், ஒரு அடுப்படி, மேலே ஓடு. பக்கத்து ஊட்டில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கச்சி. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் அத்தை தும்முவாள். தும்மிவிட்டு, “என்ன அண்ணி, இன்னைக்கு ரசமா?” என்று கேட்பாள். அப்படிப்பட்ட லயனில் யாருக்கும் ரகசியம் என்று ஒன்று நிற்காது. ஆனாலும் எனக்குப் பத்து வயசாக இருந்த வருசம் அம்மாவும் அத்தையும் சேர்ந்து ஒரு விஷயத்தை என்னிடம் மறைத்து வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரிய நொம்ப வருசம் ஆச்சு.

அப்பா நெழல் கழிக்கிற ஆள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன். காப்பிச் செடிக்கு நெழலும் வேண்டும், வெயிலும் வேண்டும். மழைக்கு முன்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏறி, கிளையை அளவாகக் கழித்து விடுவார்கள். அப்பா இடுப்பில் கயிறு கட்டி, முதுகுப் பக்கம் கொடுவாளைச் சொருகிக்கொண்டு ஏறுவார். உச்சியில் நின்று சீட்டி அடித்தால் நான் கீழிருந்து கையாட்டுவேன். அங்கிருந்து பார்த்தால் சேலம் தெரியும் என்பார். ராத்திரியில் லைட்டு எரிவது தெரியும் சரி, பகலில் என்ன தெரியும் என்று அம்மா கேட்பாள். வெயில் தெரியும் என்பார்.

எனக்குப் பத்து வயசு நடக்கும்போது அவர் விழுந்தார். ஈரக்கிளை. சேலம் பெரியாஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டுப் பிரித்துத் திரும்பி வந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது. மரம் ஏற முடியாது என்று அங்கேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மழைக்காலம் முழுக்க அப்படியேதான். காப்பிப் பறிப்பு வந்தது. லயனே காலியாகிவிடும். காலையில் எல்லாரும் கூடையோடு போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். நானும் அப்பாவும்தான் இருப்போம். பழத்தோல் ஊறுகிற புளிச்ச வாசம், மெஷினில் தோல் உரிக்கிற பல்பர் ஊட்டிலிருந்து வரும். அந்தச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு மாடு படுத்திருக்கிற மாதிரி இருக்கும். அப்பா நாள் முழுக்க அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கஞ்சி குடுத்தால் குடிப்பார். குடுக்காவிட்டால் கேட்க மாட்டார்.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது அதற்காகத்தான். அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். “அப்பாவெத் தனியா உட்றாதே கண்ணு. எங்க போனாலும் கூடவே போ. கக்கூஸ் போனாக்கூட வாசல்லயே நில்லு.” கால் தடுக்கி விழுந்துவிடுவார் என்று சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடம் போகாததில் எனக்கு வருத்தம் இல்லை. கணக்கு வாத்தியாரைப் பார்க்க வேண்டியதில்லை என்ற சந்தோசம்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அம்மா எதையோ எடுக்க ஊட்டுக்கு ஓடி வந்தாள். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா எழுந்து உட்கார்ந்து, கயிற்றையும் கொடுவாளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா ரெண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சாயங்காலம் அத்தை ஊட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால், பழைய சேலையில் சுற்றி, கொடுவாளின் பிடி மட்டும் வெளியே தெரிந்தது. கேட்டேன். “வெறகு வெட்ட வாங்கியிருக்கேன், போ” என்றாள் அத்தை. அத்தை விறகு வெட்டி நான் பார்த்ததே இல்லை. மாமாதான் வெட்டுவார், அவருக்குச் சொந்தக் கொடுவாள் இருந்தது.

இந்த வயசில் நினைத்தால் எல்லாம் விளங்குகிறது. அப்பா தன்னை ஏதாவது பண்ணிக்கொள்வாரோ என்று அம்மா பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தோடு காலையில் கூடை கட்டிப் போய், ஒரு குத்துப் பழமும் குறையாமல் பறித்து, மற்றவர்களோடு சிரித்துப் பேசி வந்திருக்கிறாள். என்னைக் காவலுக்கு வைத்ததை என்னிடமே சொல்லாமல்.

பறிப்பு முடிந்தது. நமக்குத் தெரியுமே, அதற்கப்புறம் வருகிற ரெண்டு மாசம். காய்ந்த காற்று, மண்ரோட்டில் பஸ் போனால் செடியெல்லாம் செம்மண் பூசிக்கொள்ளும். காப்பிக் கிளையில் மொட்டு பச்சை முள் மாதிரி நீட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால்தான் பூ. அது தவறினால் மொட்டு கருகும், அடுத்த வருசம் பறிக்கப் பழம் இருக்காது, ஆளுக்கு வேலையும் இருக்காது. அதனால் எல்லாரும் கோயிலுக்குப் போனாலும் சரி, நாகலூர்க் கடைக்குப் போனாலும் சரி, பேசுகிறபோதே ஒரு கண் மேலே பார்க்கும்.

அப்போதுதான் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் எங்கள் ஊட்டுக்கு வந்தார்.

எஸ்டேட்டில் மழையை அளக்கிற ஒரு சாமான் இருந்தது. ஆபீசுக்கு மேலே, மரமில்லாத ஒரு மேட்டில், சிமெண்டுத் திட்டில் பதித்திருப்பார்கள். வாய் அகலமான தகரப் புனல், அதற்குக் கீழே ஒரு பாட்டில். விழுகிற மழை புனல் வழியாகப் பாட்டிலில் இறங்கும். காலை எட்டு மணிக்குப் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிப் பார்த்தால் இத்தனை இஞ்ச், இத்தனை சென்ட், அதாவது இஞ்சில் நூறில் ஒரு பங்கு, என்று தெரியும். ரைட்டர் அதை ரெயின்கேஜ் என்பார். லயனில் மழை டப்பா என்போம்.

ரைட்டர் வாசப்படியில் நின்று, எனக்கு முட்டி வலி, அந்த மேடு ஏற முடியவில்லை, நீ தினமும் எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போப்பா என்றார். மேனேஜர் தொரையும் சரியென்று சொல்லிவிட்டாராம். அப்பா சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். ரைட்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடிக் கிளாஸைத் துணியோடு வாசப்படியில் வைத்துவிட்டுப் போனார். போகிறபோது நன்றாகத்தான் நடந்து போனார். முட்டி வலி எல்லாம் சும்மா.

அவர் தலை மறைந்ததும் அம்மா அடுப்படியில் நின்று சுவருக்கு மேலே பேசினாள். உச்சாணியில் நின்ற மனுசனுக்குக் காலிப் பாட்டிலைப் பார்க்கிற வேலையா, மழைக்காலமாக இருந்தாலும் ஒரு அர்த்தம் இருக்கும், இந்த வெயிலில் அதில் என்ன இருக்கப் போகிறது, நாலு பேர் சிரிக்கவா என்று.

அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, “சும்மா கெடக்கறதுக்கு அதையாச்சும் பாக்கட்டுமே அண்ணி” என்றாள்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். “அந்த மேட்டுக்கு அந்தால செங்குத்தா சரிவு. மறந்துட்டியா?”



மறுநாள் அப்பா எழுந்திருக்கவில்லை. கிளாஸ் வாசப்படியிலேயே இருந்தது. ரைட்டர் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குப் பயம். அத்தையை அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டு நானே ஓடினேன். எக்கி நின்று புனலுக்குள் எட்டிப் பார்த்தேன். ஆபீஸ் ஜன்னலில் மூக்கை வைத்து, “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஊட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. “பாட்டிலை வெளிய எடுத்தியா?”

எத்தனையோ நாளைக்கப்புறம் அவராகக் கேட்ட முதல் கேள்வி. “இல்லீங்கப்பா, மேலேருந்து பாத்தேன்” என்றேன்.

“மேலேருந்து பாத்தா இருட்டுத்தான் தெரியும் கண்ணு. நீ எதைப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னே?”

கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்கும்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அரைகுறையாக ஒரு வேலையைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. பாதி கழித்த கிளை தொங்கினால் அதற்காக மறுபடி மரம் ஏறுவார். அதே குணம் படுக்கையிலும் இருந்திருக்கிறது, அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சட்டை போட்டார். பொத்தான் போட நொம்ப நேரம் ஆச்சு. காப்பிக் கம்பில் செய்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கிளாஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அதற்கப்புறம் தினமும் போனோம். முதலில் புனலில் விழுந்த சருகை எடுப்பார். சிலந்தி வலை கட்டியிருந்தால் சிலந்தியைக் கம்பில் ஏற்றிக் காப்பிச் செடியில் விடுவார். புனலைத் துண்டால் துடைப்பார். பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். காலி. காலி என்று தெரிந்தும் அதைக் கிளாஸில் கவிழ்ப்பார். கிளாஸைத் திட்டின் மேல் வைத்து, குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்ப்பார். அந்தக் காலை மடக்கிக் குனிவது லேசில்லை, முகமெல்லாம் வேர்த்துவிடும். பிறகு எல்லாவற்றையும் பழையபடி பொருத்திவிட்டு ஆபீஸ் ஜன்னலுக்குப் போய், தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒண்ணுமில்லீங்க” என்பார். “சரிப்பா” என்பார் ரைட்டர். அவ்வளவுதான் வேலை.

எனக்கு அது விளையாட்டு மாதிரி பிடித்துவிட்டது. காலையில் அந்த மேட்டில் பனிமூட்டம் காலுக்குக் கீழே நிற்கும். கிளாஸ் கையில் சில்லென்று இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் எஸ்டேட் முழுக்க வளைந்து தெரியும், ஆபீஸ் கூரை என் சுண்டு விரலைவிடச் சின்னதாக இருக்கும். திரும்பி வருகிறபோது அப்பா ஒவ்வொரு செடியாக நின்று மொட்டைப் பார்ப்பார். வழியில் கிடக்கிற கல்லைக் கம்பால் ஓரம் தள்ளுவார். எலுமிச்சை விழுந்து கிடந்தால் எடுத்து என் பாவாடையில் போடுவார். அம்மாவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. களை வெட்டிக்கொண்டே மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாளாம், எங்கள் ரெண்டு தலையும் திரும்பி வருகிற வரைக்கும். அத்தை பின்னால் சொன்னது.

களை வெட்டுகிற பெண்கள் சும்மா விடுவார்களா? வழியில் அவர்களைக் கடந்துதான் வர வேண்டும்.

“ஏனுங்ணா, இன்னைக்கு எத்தனை இஞ்சு வெயில் பேஞ்சுதுங்க?” என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி, “பாட்டில் பத்தலைன்னா சொல்லுங்ணா, எங்கூட்டு அண்டா சும்மாத்தான் கெடக்குது” என்பாள். கெட்ட எண்ணம் இல்லை. படுக்கையில் கிடந்தவர் நடக்கிறாரே என்ற சந்தோசத்தில் வந்த கேலி என்று இப்போது தோன்றுகிறது. அவர்களில் ஒருத்தி போன மாசம் நம் கூட்டத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். படித்துவிட்டுச் சிரிப்பாள். ஆனால் அப்பா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஒண்ணுமில்லக்காரர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். நாகலூர்க் கடை பாய்கூட, அவர் நல்ல மனுசன், தெரியாமல், “ஒண்ணுமில்லக்காரர் ஊட்டுப் புள்ளையா நீ?” என்று கேட்டார். நான் அதை ஊட்டில் வந்து சொல்லிவிட்டேன். சிரிப்பார்கள் என்று நினைத்துச் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா, “நாளையிலருந்து பாப்பா மட்டும் போயிட்டு வரட்டும். காலிப் பாட்டிலைப் பாக்க எதுக்கு ரெண்டு பேரு?” என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், அந்தச் சுண்ணாம்பு மாட்டைப் பார்த்து. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்ததே எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக வைத்தாள்.

மறுநாள் நான் கண் விழித்தபோது லேசாக வெளுத்திருந்தது. அம்மா வெளியிலிருந்து உள்ளே வந்தாள். கையில் பித்தளைச் சொம்பு, எங்கள் ஊட்டில் ஒரு பக்கம் ஒடுங்கின சொம்பு. சேலைக் கரையெல்லாம் பனியில் நனைந்து புல் விதை ஒட்டியிருந்தது. குழாய்க்குப் போகிறவள் குடம் எடுத்துக்கொண்டுதான் போவாள், சொம்பு எடுத்துக்கொண்டு போக மாட்டாள். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன், கேட்கவில்லை.

கஞ்சி குடுக்கும்போது, “ஏனுங்க, விடியக்காலம் தூத்தல் போட்டாப்பல சத்தம் கேட்டுச்சு. ஓட்டு மேல நல்லாவே கேட்டுச்சு. போய்த்தான் பாருங்களேன்” என்றாள்.

அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். வாசல் புழுதியாகத்தான் இருந்தது. அம்மாவைப் பார்த்தார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. என்ன நினைத்தாரோ, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மேட்டுக்குப் போனோம். புனலைத் தூக்கி, பாட்டிலை எடுத்தார். தண்ணி இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “மழைங்கப்பா” என்று கத்தினேன். அவர் சுற்றிலும் பார்த்தார். திட்டு காய்ந்து கிடந்தது. பக்கத்துச் செடியில் செம்மண் புழுதி அப்படியே இருந்தது. அவர் வழக்கம்போலக் கிளாஸில் ஊற்றினார். திட்டில் வைத்து, கஷ்டப்பட்டுக் குனிந்து பார்த்தார். ரெண்டாந்தரமும் பார்த்தார். பிறகு கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

அடியில் நாலைந்து சீரகம் கிடந்தது.

அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து அம்மா அவருக்குச் சீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணிதான் குடுப்பாள். அடுப்போரத்தில் அதற்கென்று ஒரு பானை. இருட்டில் அவசரத்தில், குடத்தில் தண்ணி இல்லாமல், கைக்கு அகப்பட்ட அந்தப் பானையில் மொண்டுகொண்டு ஓடி வந்திருக்கிறாள். சரிவுப் பக்கத்து மேட்டுக்கு, தன்னந்தனியாக.

அப்பா கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிரிக்கிறார். சத்தமே வராத சிரிப்பு.

“உங்கம்மா முக்கா இஞ்சு பேஞ்சுட்டா கண்ணு” என்றார்.

சொல்லிவிட்டு அந்தத் தண்ணியைக் குடித்தார். பாதியைக் குடித்துவிட்டு எனக்குக் குடுத்தார். நானும் குடித்தேன். ஆறிப்போன சீரகத் தண்ணிதான், கொஞ்சம் தகர வாசம். திட்டில் உட்கார்ந்து, பாட்டிலையும் கிளாஸையும் துண்டால் ஈரம் போகத் துடைத்தார். புனல் கழுத்தில் ஒரு சீரகம் ஒட்டியிருந்தது, அதை விரலால் எடுத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் சரிவு. கீழே குப்பனூர்ப் பக்கம் வெயில் விழுந்திருந்தது. அவர் பார்த்துவிட்டு, “சேலம் தெரியல பாரு” என்றார். “வெயிலு தெரியுதுங்கப்பா” என்றேன்.

ஆபீசுக்குப் போனோம். களை வெட்டுகிற பெண்கள் மூலமாகச் சேதி முன்னாலேயே போயிருந்தது. அம்மாதான் சொல்லி வைத்திருக்கிறாள். ரைட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, விடியக்காலத்தில் தூத்தல் போட்டதாமே, எவ்வளவு என்று கேட்டார். அப்பா இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. ரைட்டர் முகத்தைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றார். “நல்லாப் பாத்துட்டேன். ஒண்ணுமில்லீங்க.”

அதே வார்த்தைதான். ஆனால் முந்தின நாள் வரைக்கும் தன்னைப் பற்றிச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மழையைப் பற்றிச் சொன்னார்.

சாயங்காலம் அம்மா வந்தாள். கை கால் கழுவினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே, “எவ்ளோ இருந்துச்சுங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்றார் அப்பா. அம்மாவின் கை நின்றது. அப்பா, “சீரகம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு” என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, ரெண்டும்தான் என்று நினைக்கிறேன். அப்பாவும் சிரித்தார், இந்தத் தடவை சத்தமாக. நானும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்துகொண்டேன். சுவருக்கு மேலே அத்தை குரல் வந்தது.

“அங்க என்ன அண்ணி, இத்தனை சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல” என்றாள் அம்மா.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, பலாப்பிஞ்சு வெட்ட வேண்டும் என்று அம்மா அத்தை ஊட்டிலிருந்து கொடுவாளை வாங்கி வந்தாள். சேலைச் சுற்றைப் பிரித்து அப்பாவிடமே குடுத்தாள். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, துருப்பிடிச்சிருக்கே என்றார். வாசலில் கல்லைப் போட்டு உட்கார்ந்து தீட்டினார். அம்மா பக்கத்திலேயே நின்று பலாப்பிஞ்சின் பாலைத் துடைக்க எண்ணெய் எடுத்து வைத்தாள். வெட்டி முடித்ததும் கொடுவாளைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். கயிறும் வந்தது, அதில் துணி காயப்போட்டோம். எனக்கு அன்றைக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. பலாப்பிஞ்சுப் பொரியல்தான் பெரிசாகப் பட்டது.

அத்தையும் அன்றைக்கு வந்து ஒரு தட்டு வாங்கிப் போனாள். போகும்போது அந்த ஆணியைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனது அதிசயம்.

அப்புறம் பெண்கள் கேலி பண்ணினால் அப்பா நின்று பதில் சொல்ல ஆரம்பித்தார். எத்தனை இஞ்ச் வெயில் என்று கேட்டால், “டப்பா நெறைஞ்சு வழியுது, ஒரு கை குடுங்க தாயி” என்பார். ஒண்ணுமில்லக்காரர் என்ற பேர் அப்படியே நின்றுவிட்டது. யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

மழையும் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால், தவக்காலம் முடிகிற சமயம். மத்தியானம் மூட்டம் போட்டு, இடி இடித்து, ஓட்டு மேல் கல் எறிகிற மாதிரி விழுந்தது. எல்லாரும் வாசலில் நின்று நனைந்தோம். அம்மா சொம்பை எடுத்து வெளியே வைத்தாள், அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் பெய்தது போதுமா என்று யாருக்குத் தெரியும்? குறைவாகப் பெய்தால் மொட்டு பாதியில் விரிந்து வீணாகும். மறுநாள் எட்டு மணிக்கு முன்னாலேயே லயன் ஆள்கள் ஆபீஸ் பக்கம் நின்றார்கள். அப்பா வழக்கமான நடைதான் நடந்தார். முதலில் சருகை எடுத்தார். புனலைத் துடைத்தார். எனக்கோ கால் நிற்கவில்லை. குனிந்து ஒரு தரம் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார், மறுபடி அவர் பார்த்தார். கீழே இறங்கி வரும்போது, “என்னங்ணா, சொல்லுங்ணா” என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு என்று சொல்லிவிட்டார். ஒரு இஞ்சுக்கு மேலே. எத்தனை சென்ட் என்பது எனக்கு மறந்துபோச்சு.

ஒரு வாரம் பத்து நாளில் பூத்தது. நான் அதை வர்ணிக்க வேண்டியதில்லை, நீங்களே பார்த்தவர்கள். மலையே சோறு வடித்துக் கொட்டின மாதிரி வெள்ளை. அந்த வாசத்துக்குத் தலை வலிக்கும். தலையில் வைக்க ஆசையாக இருக்கும், பறித்தால் பழம் போச்சு என்று அடி விழும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மழையை இல்லை. மழையை அளந்ததற்கு மறுநாள் வானம் துடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கும் அப்பா எழுந்து பொத்தான் போட்டார், மேடு ஏறினார், பாட்டிலை எடுத்தார், கவிழ்த்தார், குனிந்தார். ஒண்ணுமில்லீங்க என்றார். எனக்கு அது பழகிப்போன ஒன்று, அவருக்கு அதுதான் அன்றைய வேலை. ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் ஒருத்தர் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறதே. ரைட்டர் மாறினார், எஸ்டேட்டை விற்றார்கள், புதுத் தொரை வந்தார். அப்பா மட்டும் போய்க்கொண்டே இருந்தார். என் கல்யாணத்தன்றுகூடப் போனார். கோயிலில் எல்லாரும் காத்திருக்க, ஊன்றுகோலோடு வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னைக்குமாங்க?” என்றாள். அவர் என் காதோரம் குனிந்து, “ஒண்ணுமில்ல கண்ணு, நல்ல வெயிலு” என்றார்.

அவர் போய் நொம்ப வருசம் ஆச்சு. தன் படுக்கையில், வயசாகி, நிம்மதியாகப் போனார். அம்மாவும் போய்விட்டாள். அந்தச் சொம்பு யாரிடம் என்று தெரியவில்லை. கண்ணாடிக் கிளாஸ் எஸ்டேட் கைமாறினபோது காணாமல் போச்சு.

இப்போது குப்பனூரில் மகள் ஊட்டில் இருக்கிறேன். மதில் மேல் ஒரு பால் பவுடர் டப்பா வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் போய் அதை எடுத்து, கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். அதற்கப்புறம்தான் எனக்குக் காப்பி. மகள் சமையல்கட்டிலிருந்து, “என்னம்மா இருக்குது?” என்று கேட்பாள். ஒண்ணுமில்ல என்பேன். அவள் சரியென்று பாலை அடுப்பில் வைப்பாள். எங்கள் ஊட்டில் நாள் அப்படித்தான் தொடங்குகிறது, நன்றாகவே போகிறது.

இதில் எனக்குச் சந்தேகம் நிறைய இருக்கிறது. அந்த மழை டப்பா இருந்தது ஆபீசுக்கு மேலே உள்ள மேட்டிலா, இல்லை பழைய பங்களாவுக்குப் பக்கத்து மேட்டிலா? முதல் மழை குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னாலா, பின்னாலா? எத்தனை சென்ட்? கிளாஸின் அடியில் சீரகம் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேனா, இல்லை அப்பா சொல்லிச் சொல்லிப் பார்த்த மாதிரி ஆகிவிட்டதா? கீழ் லயனில் இருந்தவர்கள், ஆபீசில் வேலை பார்த்தவர்கள் உங்கள் ஊடுகளில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கேட்டுப் பார்த்து யாருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லையென்றால், ஒண்ணுமில்லை என்றாவது சொல்லி அனுப்புங்கள்.